எத்தனை விரற்கடை வாசல்?

முதல் வருஷம் என் மூன்று தேனீப் பெட்டிகளுக்கும் வாசலை முழுசாகத் திறந்தே வைத்திருந்தேன். அடிப்பலகையோடு வந்த வாசல்: 37 செ.மீ. அகலம், 2 செ.மீ. உயரம். நாளெல்லாம் போய்வருகிற ஜீவன்கள், வழி தாராளமாக இருக்கட்டுமே என்ற நினைப்பு. எனக்குத் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்த அண்ணன் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "தொழுவத்துக்கு வைக்கிற வாசலை ஈக்கு வெச்சிருக்கியே தம்பி" என்றார். மூன்றாவது பெட்டியைக் காட்டி, "இதுக்கு ரெண்டு விரல் விட்டாப் போதும். மிச்சத்தை அடைச்சிடு" என்றும் சொன்னார். சரிங்கண்ணா என்றேன். அதோடு மறந்தும் போனேன்.

அந்த மூன்றாவது பெட்டியில் இருந்தது சின்னக் கூட்டம். பெரிய பெட்டியிலிருந்து பிரித்தெடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பெட்டிக்குள் தேனடை தாங்கும் மரச்சட்டங்களில் நான்குக்கு மேல் ஈ கிடையாது. பூ ஓய்ந்த சமயம் என்பதால் சர்க்கரைப் பாகு வைத்துக்கொண்டிருந்தேன். அதையும் பட்டப்பகலில் வைத்தேன், ஊற்றும்போது மூடியில் கொஞ்சம் சிந்தவும் சிந்தினேன். இப்போது எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. பலவீனமான கூட்டம், அகன்ற வாசல், சிந்திய பாகு, வெளியே பூ இல்லை. வேறு பெட்டிகளிலிருந்து தேன் திருட வரும் ஈக்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரிதான்.

மதியம் இரண்டு மணி இருக்கும். கொல்லையிலிருந்து வந்த ரீங்காரம் வழக்கமானதாக இல்லை, ஒரு சுதி மேலே ஏறியிருந்தது. போய்ப் பார்த்தால் மூன்றாவது பெட்டி முன்னால் ஈ மொய்க்கிறது. அடடா, கூட்டம் பெருகிவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். கால் மணி நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகுதான் கண்ணில் பட்டது. வந்த ஈக்கள் நேரே இறங்கவில்லை. கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலுக்கு முன்னால் இடமும் வலமுமாக ஊசலாடின. சில பின்பக்கம் போய் மூடி இடுக்கையும் மூலை விரிசலையும் மோப்பம் பிடித்தன. பலகையில் இரண்டிரண்டாகக் கட்டிப் புரண்டு கீழே விழுந்தன. உள்ளே போய் வெளியே வந்தது, வந்த வேகத்தில் பறக்காமல் பெட்டிச் சுவரில் ஒரு சாண் ஊர்ந்து ஏறி, அப்புறம் தாழப் பறந்து போனது. வயிறு அவ்வளவு கனம். சொந்தப் பெட்டி ஈ வெளியே கிளம்பும்போது இலேசாக இருக்கும், திரும்பும்போதுதான் கனக்கும். இங்கே எல்லாம் தலைகீழ்.

இளம் ஈக்கள் வழி பழகப் பறப்பதையும் இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வழி பழகும் ஈக்கள் முகத்தைப் பெட்டிப் பக்கம் வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன வளைவாகப் பறந்து, வளைவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கும். சண்டை இருக்காது. பத்து இருபது நிமிஷத்தில் அடங்கிவிடும். திருட்டு அந்தி சாயும்வரை ஓயாது.

அன்றைக்குச் செய்தது: கையில் கிடைத்த புல்லைக் கொத்தாக வாசலில் திணித்து, ஒரு ஈ நுழையும் அளவுக்கு மட்டும் இடம் விட்டேன். ஈரத் துணியால் பெட்டியைப் போர்த்தினேன். பாகுக் கிண்ணத்தை எடுத்தேன், சிந்தியதைக் கழுவினேன். மறுநாள் காலையில் திறந்து பார்த்தபோது தேன் இருந்த சட்டங்களில் மூடிய அறைகள் கிழிந்து, ஓரம் பிய்ந்து கிடந்தன. அடிப்பலகையில் மரத்தூள் கொட்டினாற்போல மெழுகுத் துகள். இரண்டு சட்டம் ஈயும் ராணியும் மிஞ்சியிருந்தன. திருடியவை யார் என்று தேடிப் போகவேண்டிய அவசியமில்லை. முதல் பெட்டி ஒரே நாளில் கனத்திருந்தது.

அண்ணன் சொன்ன இரண்டு விரல் கணக்குக்கு ஆதாரம் இருக்கிறதா என்று அதற்கப்புறம்தான் தேடினேன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் சீலியும் ரோஜர் மோர்ஸும் 1970களில் தேனீ குடியிருந்த மரங்களை அறுத்துப் பொந்துகளை அளந்தார்கள். அப்புறம் வெவ்வேறு அளவில் காலிப் பெட்டிகளை வைத்து, பிரிந்து வரும் கூட்டம் எதில் குடியேறுகிறது என்று பார்த்து 1978இல் எழுதினார்கள். 75 சதுர செ.மீ. வாசலைவிட 12.5 சதுர செ.மீ. வாசலைத்தான் ஈக்கள் விரும்பின. பொந்தின் மேல்பகுதியில் இருக்கும் வாசலைவிடக் கீழ்ப்பகுதியில் இருக்கும் வாசல். தரையோடு ஒட்டியதைவிட உயரத்தில் இருப்பது. பொந்தின் கொள்ளளவு 40 லிட்டர் வாக்கில்.

என் வாசலைக் கணக்குப் போட்டேன். 37 பெருக்கல் 2, ஆக 74 சதுர செ.மீ. ஈக்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய அளவை அச்சு அசலாகச் செய்து வைத்திருக்கிறேன். 12.5 சதுர செ.மீ. என்றால் 4 செ.மீ. விட்டமுள்ள ஒரு வட்டத் துளை, அவ்வளவுதான். நீளவாட்டில் சொன்னால் 1 செ.மீ. உயரத்தில் ஒரு சாணுக்கும் குறைவான கீற்று.

அதற்காக அந்த எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. மரப்பொந்தின் சுவர் நம் பெட்டிப் பலகையைவிடப் பலமடங்கு தடிமன். வெயில் உள்ளே இறங்காது. பொந்துக்கு மேல் யாரும் தேன் அறை (தேன் சேர்க்கும் மேல்பெட்டி) அடுக்குவதில்லை. நம்முடைய பெட்டியில் நல்ல பூக்காலத்தில் இருக்கிற கூட்டத்துக்கு 4 செ.மீ. துளை மூச்சு முட்டும். ஆனாலும் எதை நோக்கிச் சாயவேண்டும் என்பது புரிந்தது. காவல் தேனீ என்று தனிப் படை எதுவும் கிடையாது. பிறந்து இரண்டு மூன்று வாரம் ஆன ஈக்களில் சிலது சில நாள் வாசலில் நின்று, வருவதை உணர்கொம்பால் தடவி மோந்து பார்த்து அனுமதிக்கும். நான்கு சட்டக் கூட்டத்தால் ஒரு சமயத்தில் எத்தனை ஈயை அங்கே நிறுத்த முடியும்? அந்த எண்ணிக்கைக்கு எவ்வளவு அகலத்தைக் காக்க முடியுமோ அவ்வளவுதான் வாசல். போய்வருகிற ஈயின் வசதியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.

வாசல் கட்டை

முதலில் செய்தது சாதாரண வாசல் கட்டை. 19 மி.மீ. சதுர ரீப்பரை வாசல் அகலத்துக்கு அறுத்து, ஒரு முகத்தில் 2 செ.மீ. அகல வெட்டு, அடுத்த முகத்தில் 10 செ.மீ. அகல வெட்டு. இரண்டுக்கும் ஆழம் 9 மி.மீ. கட்டையைக் கால் சுற்றுத் திருப்பிச் செருகினால் சின்ன வாசல் பெரிய வாசலாகும். 9 மி.மீ. ஆழம் ஆண் தேனீக்கும் தாராளம், சுண்டெலி தலை நுழைக்கச் சிரமப்படும்.

கேட்பதற்குச் சுலபமான வேலை. முதல் கட்டை உளி வைத்த மூன்றாவது தட்டில் ஒடிந்தது. இரண்டு வெட்டையும் நடுவிலேயே போட்டிருந்தேன். இரண்டு முகத்திலிருந்தும் மரம் போனதால் அங்கே மிஞ்சியது ஒரு குச்சிதான். இரண்டாவதில் சின்ன வெட்டை இடது கோடிக்கும் பெரிய வெட்டை வலப்பக்கத்துக்கும் தள்ளினேன். உளிக்குப் பதிலாக, வெட்டின் இரண்டு ஓரத்திலும் நடுவிலும் ரம்பத்தால் 9 மி.மீ. வரை இறக்கிவிட்டு, இடையில் நிற்கிற மரத்தை உளியால் பெயர்த்தேன். உப்புத்தாள் போட்டு ஓரச் சிலாம்பை எடுத்தேன். ஈயின் இறகு அதில் பட்டுக் கிழியும்.

அந்தக் கட்டை கச்சிதமாகப் பொருந்தியது. அதுதான் தவறு. ஒரு வாரம் மழை பெய்தது. மரம் ஊறி உப்பி, பெரிய வாசல் தேவைப்பட்ட அன்றைக்கு இம்மியும் அசையவில்லை. பட்டைக் கம்பியால் நெம்பப் போய்ப் பெட்டியே ஆட்டம் கண்டு, வாசலில் நின்ற ஈக்கள் என் மணிக்கட்டைப் பதம் பார்த்தன. இப்போது நீளத்தில் 4 மி.மீ., தடிமனில் 1 மி.மீ. குறைத்தே அறுக்கிறேன். தளர்வாக இருந்தால் ஈ பிசின் வைத்துத் தானே இறுக்கிக்கொள்ளும். முன்பக்கம் ஒரு ஆணியைப் பாதி அடித்து விட்டிருக்கிறேன், பிடித்து இழுப்பதற்கு.

வெட்டு மேலே பார்த்து இருக்கவேண்டும். கீழே பார்த்து வைத்தால் வாசல் தரையோடு ஒட்டியிருக்கும். உள்ளே செத்து விழுகிற ஈக்கள் அந்தத் துவாரத்தில் வந்து அடைத்துக்கொள்ளும். மழையில் நாலைந்து நாள் ஈ வெளியே வராமல் இருக்கும்போது பிணம் சேரும். வெட்டு மேலே இருந்தால் பிணக் குவியலுக்கு மேலாக ஏறி நடமாடிக்கொள்ளும். நான் கவனிக்காத இந்த விஷயத்தை அண்ணன் போனிலேயே கண்டுபிடித்தார். "கட்டையை எப்படி வெச்சே? பல்லு மேலயா, கீழயா?" என்றார். பல் என்று வெட்டைத்தான் சொல்கிறார்.

வெக்கை

மூன்றாவது பெட்டி தேறியது. அந்த உற்சாகத்தில் மூன்று பெட்டிக்கும் கட்டை செருகினேன். கோடை வந்ததும் முதல் பெட்டி வாசலுக்கு மேலே தாடி விட்டது. ஆமாம், தாடிதான்: சாயந்திரம் ஆயிரக்கணக்கான ஈக்கள் முன்சுவரில் கொத்தாகத் தொங்கின. கூட்டம் பிரிந்து போகப் போகிறது என்று பதறி உள்ளே புது ராணி வளரும் அறை தேடினேன், ஒன்றுமில்லை. உள்ளே புழுக்கம், வெளியே வந்து காற்று வாங்கின, அவ்வளவே. புழு அறையை ஈக்கள் 35 டிகிரி வாக்கில் வைத்துக்கொள்ளப் பார்க்கும். அதற்காகத் தண்ணீர் கொண்டுவந்து தெளிக்கும், வாசலில் வரிசை கட்டி நின்று இறகால் விசிறும்.

விசிறுவதை ஒரு மணி நேரம் குனிந்து பார்த்திருக்கிறேன். வாசல் நெடுக நிற்பதில்லை. ஒரு பக்கமாக ஏழெட்டு ஈ கொத்தாக நின்று, தலையை உள்பக்கம் வைத்து, பின்புறத்தை வெளியே நீட்டி விசிறின. அகர்பத்தியை வாசல் ஓரமாகப் பிடித்தேன். ஈ நிற்கிற பக்கம் புகை வெளியே தள்ளப்பட்டது, நிற்காத பக்கம் உள்ளே இழுபட்டது. 2019இல் வெளியான ஓர் ஆய்வும் இதையே சொல்கிறது: சூடான காற்று வெளியேறுகிற இடத்தில் விசிறும் ஈக்கள் திரள்கின்றன, மற்ற இடத்தின் வழியாகக் குளிர்ந்த காற்று தானாக உள்ளே போகிறது. யாரும் கட்டளை போடுவதில்லை. ஒவ்வொரு ஈயும் தன் இடத்துச் சூட்டைப் பார்த்து நிற்பதிலேயே ஒழுங்கு வந்துவிடுகிறது.

இந்தியத் தேனீ வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இல்லையே என்பார்கள். உண்மைதான், அது திரும்பி நிற்கும். தலை வெளியே, பின்புறம் உள்ளே. காற்றை உள்ளுக்குள் விசிறும். என்னுடையது ஐரோப்பியத் தேனீ. வாசலில் ஈ எந்தப் பக்கம் முகம் வைத்து விசிறுகிறது என்பதைக் கொண்டே பத்தடி தள்ளி நின்று இனத்தைச் சொல்லிவிடலாம்.

புகை காட்டிய பாடத்தில் இரண்டு முடிவு எடுத்தேன். ஒன்று, பலமான பெட்டிக்கு இரண்டு மூன்று சின்ன ஓட்டை வேண்டாம், 15 செ.மீ.யில் ஒரே கீற்று. காற்று ஒரு பாதியில் போய் மறு பாதியில் வரும். இரண்டு, அடிப்பலகையின் நடுவில் ஒரு சதுரம் அறுத்து 3 மி.மீ. கண்ணுள்ள கம்பி வலை அடித்தேன். காற்று போகும், ஈ போகாது. ஆளுக்கு ஒரு வழி, காற்றுக்கு ஒரு வழி என்று பிரித்ததும் வாசலைச் சின்னதாக வைப்பதில் இருந்த பயம் பாதி குறைந்தது. ஆனால் எவ்வளவு திருட்டு நடந்தாலும் வெயிலில் பெட்டியை முழுக்க மூடிவிடக் கூடாது. ஈக்கள் பதறிப் பதறி உள்ளே சூடு ஏறி, மெழுகடை தளர்ந்து சரிந்து, கூட்டமே அதில் அமுங்கிப் போகும்.

திருட்டுக்கு வலை

அடுத்த பூ ஓய்வில், 2 செ.மீ. வாசல் இருந்தும் மூன்றாவது பெட்டியை மோப்பம் பிடிக்க வந்தார்கள். இந்தத் தடவை வலைச் சட்டம் செய்தேன். எல்லா வாசல் சாமான்களிலும் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்; ஈயின் புத்தியை வைத்தே விளையாடுகிற சாமான்.

வாசலுக்கு முன்னால் 2 செ.மீ. இடைவெளி விட்டு ஒரு வலைத் திரை. கீழும் பக்கமும் அடைப்பு. போகவர வழி திரையின் மேல் ஓரத்தில், ஒரு மூலையில், 3 செ.மீ. அகலத்துக்கு. திருட வருகிற ஈக்குப் பெட்டியின் வாசனைதான் வழிகாட்டி. வாசனை நேரே வலை வழியாக வருகிறது. அது வலையில் வந்து முட்டிக்கொண்டே இருக்கும், மேல் மூலைக்குப் போகவேண்டும் என்று தோன்றாது. உள்ளிருந்து கிளம்புகிற சொந்த ஈயோ வெளிச்சம் பார்த்து வலையில் ஏறி, மேலே வழி கண்டு வெளியேறும். போன வழியை நினைவில் வைத்துத் திரும்பும்.

மரச்சட்டம் 30 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம். அதே 3 மி.மீ. வலையை ஸ்டேப்ளர் முள் அடித்து இழுத்துக் கட்டினேன். பெட்டியோடு ஒட்டும் பக்கத்தில் பழைய சைக்கிள் ட்யூபை நறுக்கி ஒட்டினேன். இல்லாவிட்டால் சுவரின் மேடுபள்ளத்தில் இடுக்கு விழும், திருடன் அதைக் கண்டுபிடித்துவிடுவான். ராத்திரி எல்லா ஈயும் அடங்கிய பிறகு இரண்டு ஸ்க்ரூவில் மாட்டினேன்.

மேல் வழியை வாசலுக்கு நேர் மேலே வைத்ததுதான் என் பிழை. திரைக்குள் நுழைந்த சில திருடர்கள் சுவரைப் பிடித்துச் சட்டென்று கீழே இறங்கி வாசலை அடைந்துவிட்டன. மறுநாள் ராத்திரி திரையைக் கழற்றி, வழியை மறு மூலைக்கு மாற்றி மாட்டினேன்: வாசல் இடது கோடியில், வழி வலது மேல் மூலையில். அப்புறம் நின்றது.

முதல் இரண்டு நாள் சொந்த ஈக்களும் குழம்பும், அதற்கு மனசைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். மகரந்தம் சுமந்து வந்தவை பழைய இடத்தில் வலையில் முட்டிக்கொண்டு தவித்தன. பார்க்கச் சகிக்காமல், அந்தி மங்கிய பிறகு திரையின் கீழ் ஓரத்தை விரலளவு தூக்கிவிட்டேன். வெளியே தங்கிப்போனவை உள்ளே ஓடின. மூன்றாம் நாள் காலை மூலை வழியாக ரயில் விட்டமாதிரி வரிசை. திரைக்கு வெளியே ஒரு நாற்பது ஐம்பது திருட்டு ஈ, வலையை முகர்ந்துகொண்டு நின்றன. எனக்கு அதில் கிடைத்த திருப்தியைச் சொன்னால் அற்பமாகத் தெரியும்.

வட்டு செய்த வினை

இனி நான் செய்ததிலேயே மோசமானது. வேலி மரத்தில் சின்னதாக ஒரு கூட்டம் வந்து தொங்கியது. பிடித்துச் சின்னப் பெட்டியில் போட்டேன். அந்தப் பெட்டிக்கு வட்டத் துளை வாசல், அதன்மேல் சுழல் வட்டு. வட்டைத் திருப்பினால் நான்கு நிலை: முழுக்கத் திறப்பு, முழுக்க மூடல், காற்று மட்டும் போகிற பொடித் துளைகள், ராணித் தடுப்புக் கீற்று. கடைசி நிலையில் 4 மி.மீ.யைச் சற்றே தாண்டும் கீற்றுகள் வழியாக வேலைக்காரத் தேனீ மட்டும் நெளிந்து போய்வரும், ராணி போக முடியாது. ராணி போகாவிட்டால் கூட்டமும் ஓடாது. பிடித்த கூட்டம் ஓடிப்போகிற வயிற்றெரிச்சலை முன்பே பட்டிருந்ததால் அந்த நிலையில் வைத்தேன். இரண்டு மூன்று நாளில் எடுத்துவிடவேண்டியது. வெளியூர் வேலை ஒன்று வந்தது, வட்டு நினைவிலேயே இல்லை.

நாற்பது நாள் கழித்துத் திரும்பி வந்தால் வட்டின் கீற்றுகளில் ஆண் தேனீக்கள் தலையை நுழைத்தபடி செத்துக் கிடந்தன. அவற்றின் பருத்த மார்பு அதில் போகாது. ஒன்று மாட்டினால் போதும், அந்தக் கீற்று வேலைக்காரிக்கும் அடைப்பு. எல்லாவற்றையும் இடுக்கியால் பிடுங்கி, வட்டைத் திறந்து, சட்டத்தைத் தூக்கிப் பார்த்தேன். புழு அறைகள் ஆங்காங்கே சிதறி, மூடிகள் துப்பாக்கி ரவை போல உப்பி நின்றன. வேலைக்காரி அறையில் ஆண் தேனீ வளர்கிறது.

அண்ணனிடம் சொன்னேன். "முதல்ல பிரிஞ்ச கூட்டமா, பின்னாடி பிரிஞ்சதா?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? "சின்னக் கூட்டம்னியே, பின்னாடி பிரிஞ்சதாத்தான் இருக்கும். அதுல கன்னி ராணி இருந்திருக்கும். நீ அதை வீட்டோட பூட்டிட்டே."

முதலில் பிரியும் பெருங்கூட்டத்தோடு பழைய ராணி போகும், அது ஏற்கெனவே கருவுற்றது. அடுத்தடுத்துப் பிரிகிற சிறு கூட்டங்களில் கன்னி ராணி இருக்கும். அது வெளியே பறந்து போய் ஆண் தேனீக்களோடு சேர்ந்து வரவேண்டும், அதற்குக் கிடைக்கும் அவகாசம் சுமார் மூன்று வாரம். அதன்பின் அது இடுகிற முட்டையெல்லாம் ஆணாகவே பிறக்கும். அந்தக் கூட்டத்தை வேறொரு பெட்டியோடு சேர்த்துவிட்டேன். வட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. பெட்டியை இடம் மாற்றும்போது காற்று நிலையில் வைக்க நல்ல சாமான். ராணி நிலைக்குத் திரும்பாதபடி ஒரு சின்ன ஸ்க்ரூவைக் குறுக்கே போட்டுவிட்டேன்.

மற்றவை

எறும்புக்கு வாசலில் வைத்தியம் இல்லை. பெட்டித் தாங்கியின் கால்களைத் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்துவதுதான் வழி. வாசலுக்கு முன்னால் வளர்ந்த ஒரு புல் தாள் பெட்டியைத் தொட்டாலும் எறும்புக்கு அது பாலம்.

எலித் தகடு குளிரிலும் மழையிலும் ஈ அடங்கிக் கிடக்கிற காலத்துக்கு. 9 முதல் 10 மி.மீ. வட்டத் துளைகள் வரிசையாகப் போட்ட தகரப் பட்டை. நானே டிரில் போட்டுச் செய்தேன். துளையின் பிசிறை அரத்தால் ராவாமல் மாட்டினால் மகரந்த உருண்டை தட்டி விழும். வாசலுக்குக் கீழே மஞ்சளும் ஆரஞ்சுமாகச் சிதறிக் கிடக்கும். எலி உள்ளே போன பிறகு மாட்டினால் அதற்கு நீங்களே வீடு கட்டிக் கொடுத்ததாக ஆகும்.

குளவி விஷயத்தில் சின்ன வாசல் பாதி உதவிதான். உள்ளே நுழைவது நிற்கும். வாசலுக்கு எதிரே அந்தரத்தில் நின்று, திரும்பி வருகிற ஈயை ஒவ்வொன்றாகக் கவ்விப் போவது நிற்காது. ஆசியத் தேனீக்கள் இதற்குத் தாமே ஒரு வாசல் வேலை செய்கின்றன. வியட்நாமில் பெருங்குளவி தாக்கும் இடங்களில் அவை விலங்குகளின் சாணத்தைக் கொண்டுவந்து வாசலைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக அப்புவதை 2020இல் பதிவு செய்திருக்கிறார்கள். அப்பிய வாசலுக்குக் குளவி அதிகம் நெருங்குவதில்லை. வீட்டு வாசலில் சாணம் தெளிப்பதை ஈயிடமிருந்து கற்றோமா என்று அண்ணன் கேட்டார்.

இறங்கு பலகை ஈக்குத் தேவையே இல்லை. மரப்பொந்தில் யாரும் பலகை மாட்டி வைக்கவில்லை. எனக்குத்தான் தேவை: காலையில் காபியோடு போய் நின்றால் பெட்டியைத் திறக்காமலே நாலு செய்தி தெரியும். மெழுகுத் துகள் கிடந்தால் திருட்டு. சுண்ணாம்புக் கட்டிபோல் இறுகிய வெள்ளைப் புழு கிடந்தால் பூஞ்சை நோய். இறகு சுருங்கிய இளம் ஈ தத்தித் தத்தி நடந்தால் வரோவா உண்ணி, அது பரப்பும் வைரஸ். முதலில் வைத்த பலகை மட்டமாக இருந்து, மழைத் தண்ணீர் உள்ளே ஓடி அடிப்பலகை ஊறிப்போனது. இப்போது பலகை முன்னால் சரிகிறது. பெட்டியையே ரசமட்டம் வைத்து முன்பக்கம் ஒரு விரல் தாழ்த்தியிருக்கிறேன்.

மூன்று பெட்டியும் ஒரே மாதிரி இருந்தால் ஈ வீடு மாறிப் போகும். வாசல் பலகைக்கு நிறம் அடித்தால் அடையாளம் கிடைக்கும். நான் ஒன்றுக்குச் சிவப்பு அடித்துப் பெருமையாக நின்றேன். ஈக்குச் சிவப்பு தெரியாது, அதற்கு அது கருமைதான். ஈக்கு நிறம் தெரியும் என்பதை விலங்கியல் அறிஞர் கார்ல் ஃபான் ஃபிரிஷ் நூறு வருஷத்துக்கு முன்பே சோதித்துக் காட்டியபோது இதுவும் தெரிந்துபோன விஷயம். மறுபடி நீலம் அடித்தேன்.

மேல் துளை

கடைசியாகச் செய்தது, முதல் பெட்டியின் தேன் அறைச் சுவரில் 25 மி.மீ. துளை ஒன்று. சூடான ஈரக்காற்று மேல்வழியாகப் போகட்டும், தேன் சுமந்து வருகிறவை புழு அறையைச் சுற்றாமல் நேரே மாடிக்குப் போகட்டும் என்று திட்டம். துளை சற்று மேல்நோக்கிச் சாய்வாக விழும்படி டிரில்லைப் பிடித்தேன், மழை உள்ளே இறங்காமல் இருக்க. முதல் வாரம் நல்ல போக்குவரத்து. எனக்குப் பெருமிதம்.

இரண்டாவது வாரம் துளையின் கீழ் ஓரத்தில் பழுப்பாக ஒரு பிறை. பிசின். மொட்டிலிருந்தும் மரப்பட்டையிலிருந்தும் சேகரித்து வந்து அப்பியிருக்கின்றன. புரோபோலிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கே நகரத்துக்கு முன்னால் என்றுதான் பொருள். சுரண்டி எடுத்தேன். பத்து நாளில் மறுபடி, இம்முறை மேலிருந்தும் கீழிருந்தும். மறுபடி சுரண்டினேன். கொஞ்ச நாள் எட்டிப் பார்க்கவில்லை. போனபோது துளை முழுக்க மூடி, நடுவில் இரண்டே இரண்டு சின்ன ஓட்டை, ஒவ்வொன்றும் ஒரு பென்சில் நுழையும் அளவு. ஒன்றில் ஒரு காவல் தேனீ முகத்தை மட்டும் காட்டிக்கொண்டு, உணர்கொம்பை ஆட்டியபடி நின்றது. சுரண்டிக் கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.